அட்டவணை முழுக்க உங்கள் பெயர் மட்டும்

கேள்வி:

எனக்கு 44 வயது. செங்கல்பட்டில் வீடு. கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கணவர் ஊரிலேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு. எட்டு மாதங்களுக்கு முன்பு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் நடக்கிறார். காலை நான்கு மணிக்கு எழுகிறேன். படுக்கும்போது பதினொன்றரை ஆகிவிடுகிறது. அலுவலகத்தில் வீட்டு நினைப்பு, வீட்டில் அலுவலக நினைப்பு. எல்லாவற்றையும் சமமாகக் கவனிக்க வேண்டும் என்று ஒரு கால அட்டவணை போட்டேன், அதையும் இணைத்திருக்கிறேன். ஒரு வாரம்கூட அதன்படி நடக்க முடியவில்லை. மாமியாரின் மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறவிடாத நான், என்னுடைய தைராய்டு மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகியும் வாங்கவில்லை. சில நாள் திருமால்பூர் வண்டியில் திரும்பும்போது, செங்கல்பட்டில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன என்று தோன்றுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்? அட்டவணையை எப்படித் திருத்த வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். முழுவதையும் படித்துவிட்டே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. இன்று மாலை ரயிலைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகும் முன்பு மருந்துக் கடைக்குப் போய்விடுங்கள். தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே எதுவும் தெரியாது. உடம்பில் இருக்கும் மருந்து மெல்ல மெல்லக் குறைவதால், களைப்பும் மெல்லத்தான் வந்து சேரும். அதனால்தான் அதை யாரும் மாத்திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 'எழுந்திருக்கும்போதே அசதியாக இருக்கிறது', 'அலுவலகக் கோப்பைக் கையில் எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று நிற்கிறேன்', 'சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறது' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எவ்வளவு வேலைச்சுமையால் வந்தது, எவ்வளவு தைராய்டு குறைந்ததால் வந்தது என்பதை இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மருத்துவரிடம் இடைவெளி விட்டதைச் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்பு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவராக இருந்தால் அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டபின் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதோடு ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைந்த உடம்புக்கு எந்த அட்டவணையும் கட்டுப்படாது.

அடுத்து, அந்தத் திருமால்பூர் வண்டி. அதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட எதுவுமில்லை. இன்னும் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையாகத்தான் அது எனக்குப் படுகிறது. பல மாதம் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் மருத்துவர் என்ற முறையில் நேராகவே கேட்டுவிடுகிறேன். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறதா? இரண்டு வாரத்துக்கும் மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்கிறதா? பிள்ளைகளோடு பேசுவதில்கூட ஆசை விட்டுப்போய்விட்டதா? இவற்றில் எதற்காவது 'ஆமாம்' என்று மனம் சொன்னால், இந்தப் பதிலின் மீதிப் பகுதி காத்திருக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இன்றே பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது இன்னும் நல்லது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

இனி அட்டவணை.

கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். 4.00 மணி: பால் காய்ச்சுதல், மகனை எழுப்புதல். 5.15: அத்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், பல் துலக்குதல், உடம்பு துடைத்தல். 6.00: டிபன், மதியச் சமையல். 7.25: ரயில். மாலை 7.15: அத்தைக்கு உடற்பயிற்சி. 9.40: அவருக்குச் சாப்பாடு. 10.30: மறுநாளைக்குக் காய் நறுக்குதல். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் துணி, மளிகைக் கணக்கு, அதன் கீழே 'நாத்தனார் வருகை'. தம் அம்மாவைப் பார்க்க மகள் வருவதுகூட உங்கள் வேலைகளில் ஒன்றாகியிருக்கிறது! காஞ்சிபுரத்திலிருந்து வருகிறவருக்குச் சமைத்துப் போட வேண்டும், 'அம்மா இளைத்துவிட்டாளே' என்று அவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாள் முழுக்க ஒரே ஒருவர்தான் வேலை செய்கிறார். உங்கள் கணவர் ஒரே ஓர் இடத்தில் வருகிறார்; அதுவும் சாப்பிடுவதற்கு. பெரியவர்கள் இரண்டு பேர், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், உறவு முறையில் பொறுப்புள்ள நாத்தனாரும் கொழுந்தனாரும் இருக்கும் குடும்பத்தின் வேலையை ஒருவருடைய 24 மணி நேரத்துக்குள் அடுக்கப் பார்த்திருக்கிறீர்கள். வரிசையை எப்படி மாற்றினாலும் அது அடங்காது. எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரத்தைக் கையாள்வதில் உங்களிடம் தவறே இல்லை. இவ்வளவையும் எட்டு மாதம் நடத்தியிருக்கிறீர்கள். திருத்த வேண்டியது வேலைப் பங்கீட்டை.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. இந்தியப் புள்ளியியல் துறை 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலை செய்தவர்களுக்கு இடையிலான சராசரி இது. ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத ஆண்கள் அந்த 88 நிமிடக் கணக்கிலேயே வரவில்லை. இந்த எண்களை வைத்துக் கணவரோடு சண்டை போடச் சொல்லவில்லை. 'எல்லாப் பெண்களும் சமாளிக்கிறார்கள், என்னால்தான் முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன். எல்லாப் பெண்களும் சமாளிக்கவில்லை. உடம்பு கெட்டபிறகு எங்களிடம் வருகிறார்கள்.

உங்கள் கணவர் கெட்டவர் இல்லை என்பதைக் கடிதத்தில் பலமுறை சொல்கிறீர்கள். 'சொன்னால் செய்துவிடுவார்' என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுவும் ஒரு வேலை. மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, அடுத்த பரிசோதனை என்றைக்கு, மகளுக்கு வரைபடத் தாள் வாங்கியாகிவிட்டதா, கேஸ் பதிவு செய்தாகிவிட்டதா என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ரயில் சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டும்போது கணவருக்கு போன் செய்து, 'அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொடுத்தீர்களா' என்று கேட்கிறீர்கள். கொடுத்தது அவர்தான், ஆனால் அந்த வேலை உங்களை விட்டுப் போகவில்லை. உடம்பு கிண்டியில் இருந்தாலும் மனம் வீட்டில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே, உதவி கேட்காதீர்கள். ஒரு பொறுப்பை முழுதாகக் கைமாற்றுங்கள்.

எங்கள் வார்டில் இரவுப் பணி முடிந்து போகும் செவிலியர், காலையில் வருகிறவரிடம் ஒவ்வொரு படுக்கையாக நின்று ஒப்படைத்துவிட்டுப் போவார். போனபிறகு, 'மூன்றாம் படுக்கைக்கு ஊசி போட்டாயா' என்று வீட்டிலிருந்து போன் செய்ய மாட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஒப்படைப்பு நடக்க வேண்டும்.

எதை ஒப்படைப்பது? மாமியாரின் காலை நேரத்தை. கணவர் கடை திறப்பது ஒன்பதரைக்கு என்கிறீர்கள். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவருடைய அம்மா அவர் பொறுப்பு. எழுப்பி நடத்திச் செல்வது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள், டிபன் ஊட்டுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, தீரும் முன் வாங்கி வைப்பது, மருத்துவமனைத் தேதியை நினைவில் வைப்பது என எல்லாமே. மகன் குளிப்பாட்டுவதற்கு அம்மா கூச்சப்படலாம். அது நியாயமான கூச்சம். காலையில் ஒரு மணி நேரம் வந்து குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டுப் போக ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்யுங்கள். முழுநேர ஆளுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்று எழுதியிருக்கிறீர்கள்; ஒரு மணி நேரத்துக்குக் கட்டுப்படியாகும். பெங்களூரிலிருக்கும் கொழுந்தனார், 'பணம் வேண்டுமானால் கேளுங்கள் அண்ணி' என்கிறாராமே. கேளுங்கள். 'ஏதாவது அனுப்புங்கள்' என்று சொன்னால் சங்கடமாகத்தான் இருக்கும். 'அத்தையைக் குளிப்பாட்ட வருகிறவருக்கு மாதச் சம்பளம் இவ்வளவு, அது உங்களுடையது' என்று சொல்லிப் பாருங்கள், இருவருக்குமே எளிது.

மாலை உடற்பயிற்சிக்கும் உங்களையே நம்பியிருக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணவரே போய்ப் பதிவு செய்யட்டும்.

தொடக்கத்தில் சில வாரம் கணவர் எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்வார். நைட்டியும் துண்டும் இடம் மாறிக் கிடக்கும், இட்லி ஆறிப்போகும். வாய் திறக்காதீர்கள். திருத்தத் தொடங்கினால் வேலை உங்களிடமே திரும்பி வந்துவிடும். விட்டுக்கொடுக்கக் கூடாத சில விஷயங்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மாத்திரை எந்நேரம். நிமிர்ந்து உட்காரவைத்தபின்தான் தண்ணீரும் சாப்பாடும். தனியாக நடக்க விடக்கூடாது. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் புதிதாகத் துவண்டாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். இந்தக் கடைசி வரி உங்கள் எட்டாம் வகுப்பு மகளுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு ரயிலில் இருக்கும்போது நீங்கள் போன் செய்து கேட்க வேண்டியிருக்காது.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் வேலையே இல்லாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான். 'நான் உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன்' என்று தினமும் அழுகிறார் என்கிறீர்கள். ஐம்பது வருடம் அடுக்களையை ஆண்டவரை ஒரு கட்டிலில் உட்காரவைத்து, தண்ணீர் டம்ளரைக்கூட எடுத்துக் கொடுத்தால் அவருக்கு வேறெப்படித் தோன்றும்? பக்கவாதத்துக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்கப்புறமும் பயிற்சியால் முன்னேற்றம் தொடரும் என்பதும் உண்மை. வலது கையைத் தட்டின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு இடது கையால் கீரை ஆயட்டும். அரை மணி நேரம் ஆகலாம். பாதிக் கீரை தரையில் விழலாம். அந்தக் கைக்கு அதைவிட நல்ல பயிற்சி எந்த மையத்திலும் கிடையாது. பேச்சு தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள்; அப்படியானால் மகள் செய்யுள் ஒப்பிப்பதைக் கேட்பதும், காய்க்காரரிடமும் பால்காரரிடமும் கணக்குப் பேசுவதும் அவர் வேலையாகட்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கையில் வேலை இருந்தும் அழுகை நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

மகனுக்காக நான்கு மணிக்கு எழுவதை நிறுத்திவிடுங்கள். பிளஸ் டூ அம்மாக்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். அவன் படிக்கும்போது நாம் தூங்குவது குற்றம் என்று நினைக்கிறார்கள். பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இரவு பன்னிரண்டு வரை படித்துவிட்டு நான்கு மணிக்கு எழுகிற பையனுக்குப் படித்தது நிற்காது. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவதுதான் அவனுக்கு நல்லது. எழுந்ததும் தன் காபியைத் தானே கலந்துகொள்ளத் தெரியட்டும். தேர்வு முடியும்வரை அவனுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம் என்ற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் தன் தட்டைக் கழுவினால் கட் ஆஃப் குறையாது.

சமையலில் காலை டிபனும் மதியச் சாப்பாடும் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சரி. மாமியாரின் காலை வேலை கைமாறினால் ஐந்தே கால் மணிக்கு எழுந்தாலே அது முடியும். இரவு பத்து மணிக்குப் படுத்துவிட்டால் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். இப்போது உங்களுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரம் கிடைத்துவிட்டாலே கோப்பை எடுத்துவிட்டு மறந்து நிற்பது பெருமளவு குறையும்.

அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள், அவசரமானால் போன் வரும். உங்களுக்கு இருக்கும் 12 நாள் தற்செயல் விடுப்பும் மருத்துவமனைக்கும் பள்ளிக் கூட்டத்துக்கும் கல்யாணங்களுக்குமே போகிறது. அதில் ஒன்றை உங்கள் பரிசோதனைக்கு எடுங்கள். திரும்பி வந்து பகலில் தூங்குங்கள்.

ரயிலைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என் மனதில் தங்கிவிட்டது. மாலை மகளிர் பெட்டியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வருகிறீர்கள், பரனூர் தாண்டி கொளவாய் ஏரி வந்ததும் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறீர்கள். பீன்ஸை வீட்டுக்கே கொண்டுபோய் மகளிடமும் மாமியாரிடமும் கொடுங்கள். போக வர இரண்டரை மணி நேரம் ரயிலில் கழிகிறது. அதைப் பயனுள்ளதாக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்காதீர்கள். தூங்குங்கள், பாட்டுக் கேளுங்கள், தாம்பரத்தில் ஏறும் தோழியோடு கதை பேசுங்கள். அந்த நேரத்தில் ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.

எல்லாவற்றையும் சமமாகக் கவனிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரு பிளஸ் டூ மாணவனும் ஒரு பக்கவாத நோயாளியும் இருக்கும் வீட்டில் இந்த வருடம் சில விஷயங்கள் குறையத்தான் செய்யும். கொலு இல்லாமல் போகட்டும். தீபாவளிப் பலகாரத்தைக் கடையில் வாங்குங்கள். தூரத்து உறவில் கல்யாணம் என்றால் கணவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வரட்டும். ஒட்டடை இருந்தால் இருக்கட்டும். பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும், அதன்பின் மகனிடமும் ஒரு பொறுப்பு போகும், அப்போது மறுபடி பங்கு போட்டுக்கொள்ளலாம். உங்கள் மருந்தையும் தூக்கத்தையும் மட்டும் எந்த வருடமும் குறைக்காதீர்கள்.

இதையெல்லாம் வீட்டில் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்கள் பெரிய தயக்கம். இரவு பத்து மணிக்கு, அவர் கடையிலிருந்து அலுத்து வந்து உட்கார்ந்திருக்கும்போது பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனார் வந்திருக்கும்போது பேசுங்கள். கொழுந்தனாரையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமியாரும் அங்கேயே இருக்கட்டும். அவரைப் பற்றிய முடிவை அவர் முதுகுக்குப் பின்னால் எடுக்கக் கூடாது. 'நான்தான் எல்லாம் செய்கிறேன்' என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். 'எனக்கு உடம்பு முடியவில்லை, மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை, நான் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பேசுவோம்' என்று தொடங்குங்கள். அந்த அட்டவணையை நடுவில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் பெயர் என்று எல்லோரையும் கேளுங்கள். 'நாத்தனார் வருகை' என்ற வரியை மட்டும் முன்பே மாற்றி எழுதிவிடுங்கள்: 'ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அம்மா மகள் பொறுப்பில்.'

மாமியார், 'ஆண்பிள்ளையைப் போய் இதெல்லாம் செய்யச் சொல்வதா' என்று வருத்தப்படலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். 'என் அம்மாவுக்கு நான் செய்யாமல் யார் செய்வது' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சனிக்கிழமையே அவரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். நாத்தனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களே போன் செய்து, ஞாயிறு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேளுங்கள்.